வணக்கம் வைத்த வண்டி

நடுவுல வந்து உக்காந்துட்டீங்க, அண்ணாச்சி. அய்யய்யோ, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்களை மாதிரி ஒருத்தருக்காகத்தான் இந்த இடம் தூத்துக்குடியிலயிருந்து காலியா வருது. ஜன்னலோரம் ஒருத்தர், இந்த ஓரம் நான், நடுவுல ஒரு ஆள் இடம். பாக்குறவங்களுக்கு ரெண்டு பேரும் வேற வேற ஆள் மாதிரி தெரியும். வேற ஆள் இல்லை. அவர் என் பெண்டாட்டி கூடப்பிறந்த தம்பி. சேர்மத்துரைன்னு பேர். நான் திரவியம். ஒரே தெரு, ஒரே ஆட்டோவுல பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். டிக்கெட் மட்டும் தனித்தனி. கண்டக்டர்கூடக் கேட்டார், "சேர்ந்து வந்தவங்கதானே?"ன்னு. ரெண்டு பேரும் பதில் சொல்லலை.

அவர் தூங்குறார்னு நினைச்சுடாதீங்க. நிஜமாத் தூங்கினா அவருக்கு வாய் திறந்துக்கிடும். இப்போ பாருங்க, எப்படி இறுக்கி மூடியிருக்கு. கேட்டுக்கிட்டுதான் வர்றார். கேக்கட்டும். நான் உங்ககிட்டதானே பேசுறேன்.

எங்களுக்குள்ள பேச்சு இல்லை. பதினாலு மாசம் ஆச்சு. சண்டைன்னு சொல்ல முடியாது. தினமும் காலையில ஏழு மணிக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டிகிட்டதான் போய் நிப்போம். அவர் ஓட்டுவார், நான் பாத்துக்குவேன். சாயந்திரம் வரைக்கும் அப்படித்தான். பேச்சு மட்டும் கிடையாது. ஒண்ணு சொல்லணும், பேச்சு நின்ன பிறகுதான் எனக்கு அவர்மேல மரியாதை கூடிப்போச்சு. முன்னாடியெல்லாம் "ஏல துரை"ன்னுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். இப்போ அவர், இவர். பேசாத ஆளை எப்படி வா போன்னு சொல்றது?

என்ன வண்டின்னு சொல்லலையே. குட்டி பொக்லைன். பெரிய பொக்லைனைப் பாத்திருப்பீங்க, ரோட்டையே அடைச்சுக்கிட்டு நிக்கும். இது அதுக்குப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். எங்க வேலை உப்பளத்துல. அங்க வரப்பெல்லாம் ஒடுக்கம். பெரிய வண்டி ஏறினா வரப்பே உக்காந்துடும். இது மெதுவா, நண்டு மாதிரிப் போகும். மழைக்கு முன்னால ஓடையெல்லாம் தூர் வாரணும், வரப்பை உயர்த்தணும், பாத்தியில படிஞ்ச சேத்தை வழிச்சு எடுக்கணும். அந்தச் சேறு எடுக்குறதுதான் கஷ்டமான வேலை. பாத்தித் தரை காலால மிதிச்சு மிதிச்சு இறுக்கின தரை. ஒரு கீறல் விழுந்தாப் போச்சு, உப்பு மண் கலந்து பழுப்பா வரும். சேர்மத்துரை வழிச்சு எடுத்தா, தோசைக்கல்லுலயிருந்து தோசை எடுத்த மாதிரி இருக்கும். ஒரு கீறல் இருக்காது. இருபது வருஷமா மெஷின் பாக்குறேன், அண்ணாச்சி, அப்படி ஒரு கையை நான் பாத்ததில்லை. இதை அவர்கிட்டச் சொன்னதில்லை. சொன்னா தலைக்கனம் வந்துடுமோன்னு ஒரு இது.

இப்போ எங்க போறோம்னு கேக்குறீங்களா? மதுரைக்கு. நான் ஒரு வேலையும் இல்லாமப் போறேன். அவர்தான் வேலையாப் போறார். அங்க ஒரு கான்ட்ராக்டர் புதுசா பொக்லைன் எடுத்திருக்காராம். ஏசி கேபின் வச்சது. ஆள் தேடுறார். இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஓட்டிக்காட்டச் சொல்லியிருக்கார். ஓட்டிக்காட்டினா வேலை. வேலைன்னா அங்கேயே தங்கல். அவ்வளவுதான், இந்த உப்புக்கும் எனக்கும் ஒரு கும்பிடு.

என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் காலையிலயே சொல்லிட்டா, "தம்பியைத் தனியா அனுப்ப மாட்டேன், நீங்க கூடப் போங்க"ன்னு. நாப்பத்து நாலு வயசு ஆளுக்குத் துணை எதுக்குன்னு கேட்டேன். "துணை அவனுக்கு இல்லை"ன்னா. புரியலை எனக்கு. புளியோதரை ஒரே பொட்டலமாக் கட்டி, ரெண்டு முட்டையும் வச்சு, அவர் பையில போட்டுட்டா. என் பங்கு எங்கன்னு கேட்டேன். "அதுலதான் இருக்கு, கேட்டு வாங்கித் தின்னுங்க"ன்னுட்டா. இப்போ பசிக்குது. எப்படிக் கேக்குறது சொல்லுங்க.

பேச்சு நின்ன கதையைச் சொல்றேன். ஒண்ணும் பெரிசா இல்லை. ஒரு வால்வு.

இந்த வண்டியில எல்லா வேலையும் எண்ணெய்லதான் நடக்கும். கை தூக்குறது, மடக்குறது, சுத்துறது எல்லாம் எண்ணெய் அழுத்தம். லீவரை ஆட்டினா எண்ணெய் எந்தப் பக்கம் போகணும்னு பிரிச்சு விடுறதுக்கு ஒரு இரும்புப் பெட்டி இருக்கு. அதுதான் கன்ட்ரோல் வால்வு. உப்பளத்துல மடை திறந்து இந்தப் பாத்திக்கு, அந்தப் பாத்திக்குன்னு தண்ணி விடுவோம் பாருங்க, அந்த மடை மாதிரி. மடை உளுத்துப்போனா என்ன ஆகும்? அடைச்சாலும் கசியும்.

பதினாலு மாசத்துக்கு முன்னால ஒருநாள் சேர்மத்துரை சொன்னார், "அத்தான், வால்வு லீக் அடிக்குது, துரு வேற ஏறியிருக்கு." நான் பாத்தேன். எண்ணெய் ஈரம் லேசா. "இது லீக் இல்லைடா, வண்டிக்கு வேர்த்திருக்கு"ன்னேன். தமாசுக்குத்தான். அவர் விடலை. "துரு எப்படி அத்தான் வந்துச்சு? நீங்க தினமும்"ன்னு என்னமோ ஆரம்பிச்சார். எனக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. ஏன்னா, அந்த வண்டியை நான் பாத்துக்குற மாதிரி எவனும் பாத்துக்க மாட்டான். நாலு வருஷமா ஒருநாள் தவறாம, சாயந்திரம் வேலை முடிஞ்சதும் நானே நின்னு கழுவுவேன். அளத்துல மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், பைப்பை எடுத்துப் பிடிச்சா பத்தே நிமிஷம். இண்டு இடுக்கு விட மாட்டேன். அந்த வால்வு இருக்குற இடத்துக்குள்ள பைப்பை விட்டுப் பீய்ச்சுவேன். பெத்த பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டினது இல்லைன்னு புஷ்பம் சொல்லுவா. அப்படிப்பட்ட ஆளைப் பாத்து, துரு எப்படி வந்துச்சுன்னு கேட்டா?

"ஓட்டத் தெரியாதவனுக்கு எல்லாமே லீக்குதான். லீவரைப் போட்டு முரட்டுத்தனமா இழுத்தா எந்த வால்வு தாங்கும்? இனிமே வண்டியைப் பத்தி என்கிட்டப் பேசாதே"ன்னுட்டேன்.

வண்டியைப் பத்தின்னுதான் சொன்னேன், அண்ணாச்சி. அவர் மொத்தமா நிறுத்திட்டார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் செஞ்சாலும், செஞ்சு முடிச்ச பிறகு உக்காந்து, ஏன் செஞ்சோம், சரியாச் செஞ்சோமான்னு குடைஞ்சுக்கிட்டே இருப்பேன். செய்யுறதுக்கு முன்னால குடைஞ்சா என்னன்னு புஷ்பம் கேப்பா. அது வராது எனக்கு. அன்னைக்கும் குடைஞ்சேன். ஓட்டத் தெரியாதவன்னு சொன்னது தப்பு. அது தெரிஞ்சது. ஆனா மறுநாள் போய், "நேத்துச் சொன்னது தப்பு"ன்னு சொல்ல, அவர் முதல்ல ஒரு வார்த்தை பேசணுமில்லையா? அவர் பேசினாத்தானே நான் பதில் சொல்ல முடியும்? அப்படியே ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு, தீபாவளி போச்சு. புதுத்துணியை என் காலுக்குப் பக்கத்துல வச்சுட்டு, கும்பிட்டுட்டுப் போனார். வாய் திறக்கலை. நானும் தலையில கையை வச்சு ஆசீர்வாதம் பண்ணினேன். வாய் திறக்கலை.

அப்புறம் எப்படி வேலை நடந்துச்சுன்னு கேளுங்க. ஒரு ஹாரன் அடிச்சா டீசல் வேணும். ரெண்டு அடிச்சா டீ. நான் கையைத் தூக்கினா நிறுத்தணும். எங்களுக்குள்ள பேச்சு இருந்த காலத்துலகூட வேலை இவ்வளவு ஒழுங்கா நடந்ததில்லை.

வால்வு மட்டும் ஒழுங்கா இல்லை. கீழ ஒரு பெயின்ட் டப்பாவை வச்சோம். அது நிறைஞ்சா பக்கெட். போன மாசம் இன்னொரு கூத்து ஆரம்பிச்சுது. வண்டியோட கையைத் தூக்கி நிறுத்திட்டு லீவரை விட்டா, நிக்கணும். நிக்கலை. மெல்ல, மெல்லத் தானா இறங்கும். வண்டி தலையைக் குனிஞ்சு வணக்கம் வைக்குற மாதிரி. அளத்துல வேலை பாக்குற பொம்பளைங்க பதிலுக்கு வணக்கம் வச்சாங்க. "என்ன திரவியம் அண்ணாச்சி, உங்க வண்டிக்கு இருக்குற மரியாதை உங்களுக்கு இல்லையே"ன்னு ஒருத்தி. சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான். ஆனா ஒருநாள் புதுசாக் கட்டின வரப்பு மேலயே வணக்கம் வச்சுடுச்சு. வரப்பு உடைஞ்சு ஒரு பாத்தித் தண்ணி ஓடையில போயிடுச்சு. அளத்து முதலாளி வந்து நின்னார். மழைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு கையைக் காட்டினார். சரி, மாத்தித்தான் ஆகணும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டா அவர் கையில ஏற்கெனவே ஏழு வண்டி. அப்போ நான் ஒருகாலத்துல மெக்கானிக் ஷெட்டுல இருந்தவன்தானே. நானே மாத்துறேன்னு இறங்கிட்டேன். ஆனா ஒருத்தர் செய்யுற வேலை இல்லை அது. அந்தப் பெட்டி ஒரு அரிசி மூட்டைக்குப் பாதி கனம் இருக்கும். ஒருத்தர் அடியில கிடந்து தாங்கணும், ஒருத்தர் மேலயிருந்து போல்ட்டைக் கழட்டணும். பேச்சு இல்லாத ரெண்டு பேர். எப்படி?

புஷ்பத்தைக் கூட்டிட்டுப் போனோம்.

சிரிக்காதீங்க. வேற வழி? குடையைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல நின்னா. முதல்ல வண்டியைச் சமதரையில நிறுத்தி, கையை முழுசாத் தரையில படுக்க வச்சு, இன்ஜினை அணைச்சோம். அணைச்ச பிறகும் லீவரை நாலு பக்கமும் ஆட்டி, உள்ள இருக்குற அழுத்தத்தை இறக்கணும். இல்லைன்னா ஓஸை, அதான் எண்ணெய் போற ரப்பர் குழாயை, கழட்டும்போது எண்ணெய் ஊசி மாதிரிப் பாயும், தோலைத் துளைச்சுடும். அதெல்லாம் சரியாச் செஞ்சோம். புஷ்பம் தன்னோட பழைய சேலைகளைக் கிழிச்சுக் கொண்டாந்திருந்தா. ஒவ்வொரு ஓஸுக்கும், அது மாட்டியிருந்த இடத்துக்கும் ஒரே கலர் துணி. மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை. கழட்டினதை மாத்தி மாட்டிடக் கூடாதில்லையா, அதுக்காக.

"அவர்ட்டச் சொல்லு, பதினேழு நம்பர் ஸ்பேனர் வேணும்"னேன் நான், அடியில கிடந்து.

"தம்பி, அத்தானுக்குப் பதினேழு நம்பர் வேணுமாம்."

"பதினேழு சேராதுக்கா, பத்தொன்பதுதான் சேரும்னு சொல்லு."

"பத்தொன்பதுதான் சேருமாம்."

"என் காதுல விழுந்துச்சு."

"காதுல விழுந்தா அப்புறம் நான் எதுக்கு நடுவுல?"

அரைமணி நேரம் இப்படியே. போல்ட் எல்லாம் துருவுல ஒட்டிப்போய் அசையலை. டீசலை ஊத்தி ஊறப்போட்டு, சுத்தியலால தட்டித் தட்டி ஒண்ணு ஒண்ணா எடுத்தோம். அதுக்குள்ள புஷ்பத்துக்குப் பொறுமை போச்சு. குடையை மடக்கிட்டா. "ரெண்டு பேருக்கும் ஆண்டவன் வாய் குடுத்திருக்கான். சோறு திங்க மட்டும் இல்லை அது"ன்னு சொல்லிட்டு, வரப்பு மேல நடந்து போயே போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கலை.

கடைசி போல்ட்டு. நான் அடியில இருந்து தாங்குறேன். எண்ணெய் வழுக்கல். அவர் மேலயிருந்து திருகுறார். படக்குன்னு விட்டுக்கிச்சு. பெட்டி நழுவுது, என் விரலு அடியில. அப்போ ஒரு சத்தம் கேட்டுச்சு: "கையை எடுங்க!"

எடுத்தேன். பெட்டி தொப்புன்னு சேத்துல விழுந்துச்சு. பத்து விரலும் இருக்கு, இந்தா பாருங்க.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். பதினாலு மாசத்துல முதல் வார்த்தை. நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா குடைய ஆரம்பிச்சுட்டேன் உடனே. இது பேச்சுக் கணக்குல வருமா? பாம்பு வந்தா எதிரிகிட்டயும் கத்துவோமில்லையா? அத்தான்னு கூப்பிட்டாரா? இல்லை. வெறும் "கையை எடுங்க". அப்படி யோசிச்சு முடிக்குறதுக்குள்ள அவர் அந்தப் பக்கம் திரும்பிட்டார்.

பழைய வால்வைத் தூத்துக்குடி கடைக்கு எடுத்துட்டுப் போனேன், அதே மாதிரி புதுசு வாங்கணுமே. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பாத்தார். உதிருது. விரலால சுரண்டினா மிக்சர் தூள் மாதிரிக் கொட்டுது. "என்ன திரவியம், இதைக் கடலுக்கு அடியிலயிருந்தா எடுத்தீங்க?"ன்னார். "எல்லாம் கடல்காத்து"ன்னேன். "காத்து உள்ள வரைக்கும் போய் இப்படித் திங்காதே"ன்னார். அவருக்கு உப்பளத்தைப் பத்தி என்ன தெரியும்? கடையில ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்குற ஆள்.

சரி, புதுசு வந்துச்சு. மறுநாள் மாட்டினோம். புது ரப்பர் வளையம், எண்ணெய் தடவிப் போட்டு, போல்ட்டெல்லாம் ஒரே அளவா இறுக்கி, ஓஸெல்லாம் கலர் பாத்து மாட்டினோம். புஷ்பம் வர மாட்டேன்னுட்டா. அதனால எல்லாம் சைகைதான். கடைசியா ரெண்டு ஓஸ் பாக்கி. வண்டி இடது வலதுன்னு சுத்துறதுக்கான ஓஸ். அதுல கட்டியிருந்த துணி ரெண்டும் எண்ணெய்ல ஊறிக் கரேல்னு ஆகிப்போச்சு. எது மஞ்சள், எது பச்சை, ஒண்ணும் தெரியலை.

அவர் ஒரு ஓஸைத் தூக்கிப் பிடிச்சு, புருவத்தைத் தூக்கினார். இதுவான்னு கேக்குறார்.

எனக்குத் தெரியும், அண்ணாச்சி. அது இல்லை, மத்தது. அந்த மத்த ஓஸுல ஒரு பழைய வெட்டு இருக்கும், நான் கழட்டும்போதே பாத்து வச்சிருந்தேன். "அது இல்லை"ன்னு சொல்லணும். சைகையில காட்ட முடியாது, என் ரெண்டு கையும் அடியில ஸ்பேனரைப் பிடிச்சிருக்கு. வாயாலதான் சொல்லணும். ரெண்டே வார்த்தை. சொன்னா, நான் முதல்ல பேசின மாதிரி ஆகிடும்.

நான் வானத்தைப் பாத்தேன்.

அவர் மாட்டிட்டார்.

எண்ணெய் ஊத்தி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, உள்ள மாட்டின காத்தெல்லாம் போகுறதுக்கு மெதுவாக் கையைத் தூக்கி இறக்கி, பாத்தோம். ஒரு சொட்டு இல்லை. வெள்ளைத் துணியால துடைச்சுப் பாத்தேன், துணி வெள்ளையாவே வந்துச்சு. கையைத் தூக்கி நிறுத்தினார். நின்னுச்சு. வணக்கம் கிணக்கம் ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவர் கிழக்கே பாத்துச் சிரிச்சார், நான் மேற்கே பாத்துச் சிரிச்சேன்.

அப்புறம் வண்டியை இடது பக்கம் திருப்புறதுக்கு லீவரைத் தட்டினார். அது விர்ர்ருன்னு வலது பக்கம் சுத்துச்சு. வலது பக்கம் என்ன நின்னுச்சுன்னு நினைக்குறீங்க? என் மொபெட்டு. வண்டிக் கை நுனியில மண் அள்ளுற பக்கெட் அதை அப்படியே பூப்பந்து மாதிரித் தட்டிவிட்டுச்சு. தெப்பத்துல போய் விழுந்துச்சு. தெப்பம்னா உப்புத் தண்ணியைத் தேக்கி வைக்குற குளம். ஹேண்டில்பார் மட்டும் வெளிய தெரியுது, எருமைக் கொம்பு மாதிரி. அளத்துப் பொம்பளைங்க கூடையைப் போட்டுட்டு உக்காந்து சிரிக்குறாங்க. சேர்மத்துரை முகத்தைத் துண்டால மூடிக்கிட்டார். தோள் குலுங்குது. நானும்தான், வேற என்ன பண்றது, சிரிச்சேன்.

அதே பக்கெட்டால தூக்கி எடுத்தோம். எடுத்த உடனே நான் ஓடினேன். குடிக்குறதுக்கு வச்சிருந்த ரெண்டு கேன் நல்ல தண்ணியையும் தூக்கி அது மேல ஊத்தி, சட்டையைக் கழட்டித் துடைச்சேன். அன்னைக்கு எல்லாரும் தாகத்தோடதான் கிடந்தோம். பின்ன என்ன, அண்ணாச்சி? உப்புத் தண்ணி பட்டா இரும்பு தாங்குமா? ஒரு ராவுல தின்னுட்டுப் போயிடும். உப்பளத்துலயே கிடக்குற எங்களுக்குத் தெரியாதா?

சாயந்திரம் வழக்கம்போல மோட்டார்ல பைப்பைப் பிடிச்சு வண்டியைக் கழுவினேன். புது வால்வு போட்ட அன்னைக்கு விட முடியுமா? ரெண்டு மடங்கு நேரம் கழுவினேன். அந்த வால்வை மட்டும் பளபளன்னு. சேர்மத்துரை தூரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தார். அவருக்கே என் அக்கறையைப் பாத்து மனசு இளகியிருக்கும்னு நினைச்சேன்.

எட்டயபுரம் தாண்டிட்டோமா? நீங்க அருப்புக்கோட்டைதானே. நேரம் இருக்கு. சொல்ல வேண்டியதே இனிமேதான்.

அந்த ரெண்டு ஓஸை மாத்தி மாட்டுறதுக்கு அரைமணி நேரம் போதும். மாத்தலை. மழைக்கு முன்னால வேலையை முடிக்கணும், நேரமில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சேர்மத்துரை மறுநாளே பழகிட்டார். இடதுன்னா வலது, வலதுன்னா இடது. மூணு வாரமா அப்படித்தான் ஓட்டுறார், அதே தோசை, ஒரு கீறல் இல்லை. நான் ஒருநாள் ஏறிப் பாத்தேன். ஓடையைப் பாத்துத் திருப்பினா டீ போடுற கொட்டகையைப் பாத்துத் திரும்புது. இறங்கிட்டேன். இப்போ அந்த வண்டியை உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் ஓட்ட முடியும்.

போன வாரம் மதுரைக்காரர் போன் வந்துச்சு. ஓட்டிக்காட்ட வரச் சொல்றார்னு புஷ்பம் சொன்னா. அப்போ என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? சொல்றதுக்கு வெக்கமா இருக்கு. அங்க இருக்குறது நேர் வண்டி. இவர் கை மூணு வாரமா மாறிப்போன கை. ஏசி கேபின்ல ஏறி உக்காந்து, கான்ட்ராக்டர் பாத்துக்கிட்டு இருக்கும்போது, இடதுன்னு நினைச்சு வலது பக்கம் தள்ளி, யாரோட காரையாவது தெப்பத்துல, இல்லை, அங்க தெப்பம் எங்க இருக்கு, சுவத்துலயாவது இடிச்சு, "போய்ட்டு வாப்பா"ன்னு அனுப்பிடுவாங்க. அனுப்பினா இங்க வருவார். சந்தோஷமா இருந்துச்சு, அண்ணாச்சி. ஒரு நிமிஷம்தான். ஆனா நல்லா, வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அன்னையிலயிருந்து குடைஞ்சுக்கிட்டு இருக்கேன். நேரமில்லாமத்தான் ஓஸை மாத்தாம விட்டேனா? இல்லை, இவர் வேற எங்கயும் போக முடியாதபடி ஆகட்டும்னு விட்டேனா? போன் வந்தது போன வாரம்தான், ஓஸு மாறினது மூணு வாரத்துக்கு முன்னால. அதனால முதல்ல வேணும்னு செய்யலை. ஆனா தெரிஞ்ச பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தேனே? அதுக்குப் பேர் என்ன? அவ்வளவு நல்ல கை, நாலு பேருக்கு முன்னால அசிங்கப்பட்டு நிக்கணுமா, ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரலைங்குறதுக்காக?

அதனால உங்ககிட்ட ஒரு உதவி. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி அவர்ட்டச் சொல்லுங்க. அங்க இருக்குறது நேர் வண்டி. இடதுன்னா இடதுதான். ஏறின உடனே வேலையில இறங்க வேண்டாம், காலியா நாலு சுத்து சுத்திப் பாத்துக்கச் சொல்லுங்க. சும்மா சொல்லுங்க, அண்ணாச்சி. முழிச்சுட்டார் பாருங்க. அவர் எங்க தூங்கினார், முழிக்கிறதுக்கு.

என்ன? என்ன சொல்றார்? இந்த பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.

நேத்துச் சாயந்திரமா? ஓஸை மாத்திட்டாரா? யாரு, இவரா? நான் கடைக்குப் போயிருந்த நேரத்துலயா? எதுக்கு?

நான் ஓட்டணுமேன்னா?

தான் போன பிறகு அத்தான் எப்படி ஓட்டுவார்னு... சரி. சரி, அண்ணாச்சி. ஒரு நிமிஷம் இருங்க. கண்ணுல ஏதோ தூசி, ஜன்னல் திறந்திருக்குல்ல.

இன்னும் என்னமோ சொல்றாரே. என்ன கேக்கச் சொல்றார்? மொபெட்டுக்கு எதுக்குக் கேன் தண்ணின்னா? இது என்ன கேள்வி? உப்புத் தண்ணியில விழுந்த வண்டியை நல்ல தண்ணியில கழுவாம? ... பொக்லைனையா? அதைத்தான் தினமும் கழுவுறேனே, அவரே பாத்திருக்காரே. மோட்டார் தண்ணியில. அந்த மோட்டார்தான், தெப்பத்துக்குத் தண்ணி ஏத்துற...

தெப்பத்துக்கு ஏத்துற மோட்டார்.

அய்யோ.

நாலு வருஷம், அண்ணாச்சி. ஒருநாள் தவறலை. தீபாவளி அன்னைக்கும் கழுவினேன். பைப்பை உள்ள விட்டு. புது வால்வை வேற மூணு வாரமா! "நீங்க தினமும்"னு அவர் அன்னைக்கு ஆரம்பிச்சது இதைத்தானா? அதைச் சொல்லவிடாமத்தான் நான் ஓட்டத் தெரியாதவன்னு... கடைக்காரர் கடலுக்கு அடியிலயான்னு கேட்டார். ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்த அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு.

நீங்களும் சிரிக்குறீங்களா? சிரிங்க, சிரிங்க. முன் சீட்டு அம்மாவும் சிரிக்குறாங்க. அவர் துண்டால மூஞ்சியை மூடிட்டார் பாருங்க, தோள் குலுங்குது, அன்னைக்கு மாதிரியே. எனக்கே சிரிப்பு வருதே, என்ன பண்ண.

அருப்புக்கோட்டை வந்துடுச்சு. உங்க பை மேல இருக்கு, எடுத்துத் தர்றேன் இருங்க. ஒரே ஒண்ணு மட்டும் போறதுக்கு முன்னால அவர்ட்டச் சொல்லிட்டுப் போங்க. தப்பு என்னோடதுதான்னு சொல்லுங்க. ஓட்டுறது தப்பில்லை, கழுவினதுதான் தப்பு. அப்படி ஒரு கையை நான் பாத்ததில்லைன்னும்...

இருங்க. கண்டக்டர்ட்ட என்னமோ கேக்குறார். கேட்டீங்களா? மதுரையிலயிருந்து தூத்துக்குடிக்குச் சாயந்திரம் எத்தனை மணிக்கு வண்டின்னு கேக்குறார். அங்கேயே தங்குற ஆள் கேக்குற கேள்வியா அது? ஏசி கேபின்ல ஒருதரம் உக்காந்து பாத்துட்டு வரணும்போல. பாத்துட்டு வரட்டும். நானும் எட்டிப் பாத்துக்குவேன்.

நீங்க இறங்குங்க, பின்னால ஆளுங்க நிக்குறாங்க. அடடா, அந்தத் தம்பி உங்க இடத்துல உக்காரப் பாக்குறாரே. தம்பி, தம்பி... பாத்தீங்களா, அண்ணாச்சி? சேர்மத்துரை துண்டைப் போட்டு இடத்தைப் பிடிச்சுட்டார். "ஆள் வருது"ங்குறார். எந்த ஆள்? என்னைத்தான் பாக்குறார். பொட்டலத்தை வேற பிரிக்குறார்.

"அத்தான், தள்ளி வாங்க"ன்னாரே, கேட்டுச்சா உங்களுக்கு?

அவர்ட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், அண்ணாச்சி. நீங்க பத்திரமா இறங்குங்க. நானே சொல்லிக்குறேன்.

ஏல துரை, முட்டை ஒண்ணு எனக்கு இருக்கா?